போஜாக் ஹார்ஸ்மேன்: பார்த்தவர்கள் சொல்வதை எப்படிப் படிக்க வேண்டும்?

ஒரு தொடரைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன், அதைப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படிப்பது இன்று பெரும்பாலோரின் வழக்கம். பல தொடர்களுக்கு இந்த வழக்கமே போதும்; நாலு பேர் நன்றாக இருக்கிறது என்றால் நாமும் துணிந்து உட்காரலாம். 'போஜாக் ஹார்ஸ்மேன்' என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரைப் பொறுத்தவரை இப்படிச் செய்தால் குழப்பமே மிஞ்சும். குடிகார நடிகன் ஒருவனைக் குதிரையாக வரைந்துவிட்டால் நகைச்சுவை ஆகிவிடுமா என்று ஒருவர் சலித்துக்கொண்டிருப்பார். அடுத்தவர், தன் மனத்தை இவ்வளவு உலுக்கிய தொடர் வேறில்லை என்று எழுதியிருப்பார். மூன்றாமவர், இரண்டாவது சீசனின் முடிவோடு நிறுத்திவிட்டேன், அதற்கு மேல் அந்த ஆளைச் சகித்துக்கொள்ள முடியவில்லை என்பார். மூவரும் உண்மையையே சொல்கிறார்கள். ஆனால் தொடரின் வெவ்வேறு இடங்களில் நின்றுகொண்டு சொல்கிறார்கள். அந்த இடம் எது என்று தெரியாமல் படித்தால் இவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றே தோன்றும்.

தொடரைப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், பார்த்து முடித்துவிட்டுத் தங்கள் கருத்தை எழுத விரும்புபவர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். எதிர்வினைகளை விளக்குவதற்குக் கதையின் முக்கியமான திருப்பங்கள் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவை முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் அடுத்த பகுதியை மட்டும் படித்து நிறுத்திக்கொண்டு, தொடரை முடித்தபின் மீதியைப் படிக்கலாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

ராஃபேல் பாப்-வாக்ஸ்பெர்க் உருவாக்கிய இந்தத் தொடர் 2014 ஆகஸ்ட் 22 அன்று நெட்ஃப்ளிக்ஸில் தொடங்கி 2020 ஜனவரி 31 அன்று முடிந்தது. ஆறு சீசன்களும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடும் சேர்த்து மொத்தம் 77 எபிசோடுகள். பாத்திரங்களை வடிவமைத்தவர் லிசா ஹானவால்ட். இவர் பாப்-வாக்ஸ்பெர்க்கின் பள்ளிக்காலத் தோழி. மனித உடலும் விலங்கின் தலையுமாக அவர் வரைந்துவந்த படங்களிலிருந்துதான் இந்த உலகமே பிறந்தது. மனிதர்களும் பேசும் விலங்குகளும் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒன்றாக வாழ்கிறார்கள். அதைப் பற்றி யாரும் வியப்படைவதில்லை. 1990-களில் ஒரு குடும்பத் தொலைக்காட்சித் தொடரால் புகழ்பெற்று, இப்போது வேலையின்றி மலைமேல் ஒரு பெரிய வீட்டில் குடித்துக்கொண்டிருக்கும் குதிரைதான் போஜாக். அவனுக்குக் குரல் கொடுத்தவர் வில் ஆர்னெட். அவனுடைய ஏஜெண்டாகவும் முன்னாள் காதலியாகவும் இருக்கும் பிரின்சஸ் கரோலின் ஓர் இளஞ்சிவப்புப் பூனை. எப்போதும் உற்சாகம் குறையாத போட்டி நடிகன் மிஸ்டர் பீநட்பட்டர் ஒரு லேப்ரடார் நாய். போஜாக்கின் வாழ்க்கை வரலாற்றை அவனுக்காக எழுதிக் கொடுக்க வரும் டயான் நுயெனும், அவன் வீட்டுச் சோபாவில் தங்கியிருக்கும் டாடும் மனிதர்கள்.

இது வயதுவந்தோருக்கான தொடர். மது, போதைப்பொருள், பாலுறவு, தற்கொலை ஆகியவை கதையின் நடுவே வருகின்றன. படம் வண்ணமயமாக இருப்பதால் குழந்தைகள் அருகில் இருக்கும்போது ஓடவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எதுவரை பார்த்துவிட்டுச் சொல்கிறார்?

எந்த எதிர்வினையைப் படித்தாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இதற்கு விடை கிடைக்காத எதிர்வினையை ஒதுக்கிவைப்பதே நல்லது.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குத் தொடரின் தொடக்கமே சான்று. முதல் சீசன் வெளிவருவதற்கு முன் விமர்சகர்களுக்கு அதன் முதல் ஆறு எபிசோடுகள்தான் அனுப்பிவைக்கப்பட்டன. அவற்றை வைத்து எழுதப்பட்ட விமர்சனங்களில் பலவும் அரைமனத்துடன் அமைந்தன. வயதுவந்தோருக்கான மற்ற அனிமேஷன் நகைச்சுவைகளைப் போல இதுவும் கெட்ட வார்த்தையையும் ஹாலிவுட் கிண்டலையும் நம்பி ஓடுகிறது என்ற குறையை அவற்றில் காணலாம். அந்த ஆறு எபிசோடுகளை மட்டும் பார்த்தவருக்கு அது நியாயமான குறையே. ஆனால் தொடர் தன் முகத்தைக் காட்டுவது எட்டாவது எபிசோடில். போஜாக்கைப் புகழுக்குக் கொண்டுவந்த தொடரை உருவாக்கிய அவனுடைய பழைய நண்பன் ஹெர்ப், ஓரினச்சேர்க்கையாளர் என்பது வெளியானதால் வேலையை விட்டுத் துரத்தப்பட்டவன். அப்போது தோள் கொடுப்பதாகச் சொல்லியிருந்த போஜாக் வாய் திறக்கவில்லை. இப்போது ஹெர்ப் புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கிறான். போஜாக் மன்னிப்புக் கேட்கப் போகிறான். வேறு எந்த நகைச்சுவைத் தொடராக இருந்தாலும் இருவரும் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள். இங்கே ஹெர்ப் மன்னிக்க மறுக்கிறான். நீ செய்ததைச் சுமந்துகொண்டே வாழ வேண்டியதுதான் என்கிறான். அதன்பிறகு இருவரும் ஒரு பழைய தொலைநோக்கிக்காகக் கட்டிப்புரண்டு சண்டையிடுகிறார்கள்.

இந்தக் காட்சிக்கு முன்னால் எழுதப்பட்ட கருத்தும் பின்னால் எழுதப்பட்ட கருத்தும் இரண்டு வேறு தொடர்களைப் பற்றியவை என்று சொன்னால் அது மிகையாகாது. சீசனின் முதல் பாதிக்கும் பின்பாதிக்கும் இருந்த இந்த வேறுபாட்டைக் கண்ட இண்டிவயர் இதழ், ஒரே நேரத்தில் முழுதாக வெளியாகும் தொடர்களை இனி முழுச் சீசனையும் பார்த்த பிறகே விமர்சிப்பது என்று தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. தொழில்முறை விமர்சகர்களே மாற்றிக்கொண்ட நடைமுறையை நாமும் கைக்கொள்வதில் தவறில்லை. ஆகவே முதல் இரண்டு மூன்று எபிசோடுகளோடு விட்டுவிட்டவரின் கருத்தை, தொடக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே பார்த்து முடிவு செய்வதானால், எட்டாவது எபிசோடு வரை பொறுத்திருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் நிறுத்திவிடலாம். அந்த முடிவு முழுமையான ஒரு முடிவுதான்.

எந்த ஆண்டில் சொன்னது?

பழைய எதிர்வினைகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது தேதி. ஒரே காட்சியைப் பற்றி 2016-ல் எழுதியவரும் 2020-க்குப் பின் எழுதியவரும் வேறு வேறு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

2016 ஜூலையில் வந்த மூன்றாம் சீசனின் பதினோராவது எபிசோடில் சாரா லின் இறக்கிறாள். போஜாக்கின் பழைய தொடரில் குழந்தை நட்சத்திரமாக நடித்தவள். போதைப் பழக்கத்திலிருந்து விலகி மாதக்கணக்கில் தாக்குப்பிடித்திருந்தவளை, போஜாக்தான் ஒரு தொலைபேசி அழைப்பில் மீண்டும் அதற்குள் இழுத்துவருகிறான். கோளரங்கத்தின் இருட்டில், அவன் தோளில் சாய்ந்தபடி அவள் அசைவற்றுப்போவதோடு எபிசோடு முடிகிறது. அன்று அதைப் பார்த்தவர்கள் அழுதார்கள். சாரா லினுக்காகவும் அழுதார்கள், போஜாக்குக்காகவும் அழுதார்கள். இரண்டு துயரங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை அப்போது எழவில்லை.

பிறகு, கடைசி சீசனில், ஒரு தொலைக்காட்சிப் பேட்டியின்போது உண்மை வெளிவருகிறது. அவள் நினைவிழந்து கிடந்தபோது, தன்மேல் பழி வராதபடி பார்த்துக்கொள்வதற்காக, உதவிக்கு அழைக்காமல் போஜாக் 17 நிமிடங்கள் காத்திருந்திருக்கிறான். இதைத் தெரிந்துகொண்ட பார்வையாளர் அந்தக் கோளரங்கக் காட்சிக்குத் திரும்பிப் போனால், அங்கே அவர் முன்பு பட்ட இரக்கத்தில் பாதியை அவரால் மீண்டும் பட முடியாது. தொடரை எழுதியவர்கள் மூன்றரை ஆண்டு இடைவெளியில் பார்வையாளர்களின் பழைய எதிர்வினையையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று நான் கருதுகிறேன். இதைவிட நேர்மையான துணிச்சல் தொலைக்காட்சி எழுத்தில் அரிது.

ஆகவே, போஜாக் பாவம் என்று 2016-ல் எழுதியவரைக் கல்நெஞ்சர் என்றோ ஏமாளி என்றோ திட்டி 2022-ல் எழுதுவதில் பொருளில்லை. அவருக்கு அந்த 17 நிமிடங்கள் தெரியாது. எதிர்வினைகளைத் தொகுத்துப் பார்க்க விரும்புபவர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எழுதப்பட்ட ஆண்டையும், எழுதியவர் அதுவரை பார்த்திருந்த சீசனையும் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகமே போதும். பதினைந்து இருபது கருத்துகளை இப்படிக் குறித்துவிட்டால், முரண்பாடுகள் என்று தோன்றியவற்றில் பெரும்பகுதி கால வேறுபாடு என்பது தெளிவாகிவிடும்.

விலங்குகள் எதற்கு என்ற கேள்வி

மனிதர்களை வைத்தே எடுத்திருக்கலாமே, குதிரையும் பூனையும் எதற்கு என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிடக் கூடாது. கேட்பவர் எந்த விலங்கு நகைச்சுவையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தொடரில் இத்தகைய நகைச்சுவை மூன்று அடுக்குகளில் இருக்கிறது. மேலடுக்கில் இருப்பவை கண்ணில் பட்டதும் சிரிப்பு வரும் துணுக்குகள்: பெங்குயின் பதிப்பகத்தில் ஒரு பெங்குயினே ஆசிரியராக உட்கார்ந்திருப்பதும், பிரபலங்களைத் துரத்திப் படமெடுப்பவர்கள் பறவைகளாக மரக்கிளையில் காத்திருப்பதும் இந்த வகை. இவற்றில் பல பின்னணியில் ஒரு நொடி தோன்றி மறைவதால், நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்களுக்கும் ஒரே மூச்சில் பார்ப்பவர்களுக்கும் தொடர் தரும் சிரிப்பின் அளவே வேறுபடும். சிரிப்பு வரவில்லை என்று எழுதியவர், கைப்பேசியின் சிறிய திரையில் வேறு வேலைக்கு நடுவே பார்த்தவராக இருக்கக்கூடும். விழா வீடுகளில் தொங்கும் பதாகைகளையாவது படிக்கச் சொல்லுங்கள். டயானுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, எழுத்து அழகாக இருக்கட்டும் என்று மிஸ்டர் பீநட்பட்டர் கடைக்காரரிடம் சொன்னால், எழுத்து அழகாக இருக்கட்டும் என்பதும் வாழ்த்தோடு சேர்ந்தே அச்சாகித் தொங்கும்.

இரண்டாம் அடுக்கில் விலங்கின் இயல்பே பாத்திரத்தின் இயல்பாகிறது. எல்லோரையும் நேசித்து எதையும் ஆழமாக யோசிக்காத நாயின் குணம் மிஸ்டர் பீநட்பட்டரின் மணவாழ்க்கைகளை எப்படிக் கெடுக்கிறது என்பதைப் பல பார்வையாளர்கள் நுட்பமாக எழுதியிருக்கிறார்கள். அவற்றைத் தேடிப் படிக்கலாம்.

மூன்றாவது அடுக்குதான் சிலரை முகம் சுளிக்கவைக்கிறது. இரண்டாம் சீசனில், பேசும் கோழிகளே பண்ணை நடத்தி, பேச முடியாதபடி வளர்க்கப்பட்ட கோழிகளை உணவுக்காக விற்கும் ஓர் எபிசோடு உண்டு. நண்பர்களான கோழிகள் வேறு, உணவான கோழிகள் வேறு என்று பண்ணைக்காரர் விளம்பரத்தில் புன்னகையோடு விளக்குகிறார். இதைப் பார்த்துவிட்டு அருவருப்பாக இருந்தது என்று எழுதியவர், தொடரைத் தவறாகப் புரிந்துகொண்டவர் அல்லர். மனித நடிகர்களை வைத்து அந்த அருவருப்பை ஒரு நகைச்சுவைத் தொடரில் கொண்டுவந்திருக்க முடியாது. விலங்குகள் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் சிறந்த விடை அந்தக் கோழிப் பண்ணைதான்.

சிரிப்பும் துயரமும்

இது நகைச்சுவையா, சோகக் கதையா என்ற வாதம் தொடர் வந்த நாளிலிருந்து நடக்கிறது. ஒருவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைவிட, அவர் எடுத்துக்காட்டும் எபிசோடு எது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. மூன்று எபிசோடுகள் திரும்பத் திரும்பக் குறிப்பிடப்படும்; அவற்றைப் பற்றிய எதிர்வினைகளை எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம்.

முதலாவது, மூன்றாம் சீசனின் நான்காவது எபிசோடு. கடலுக்கடியில் நடக்கும் ஒரு திரைப்பட விழாவுக்குத் தலையில் கண்ணாடிக் கவசத்துடன் போகும் போஜாக் யாரோடும் பேச முடியாமல் தவிக்கிறான். ஏறக்குறைய முழு எபிசோடும் வசனமின்றி நகர்கிறது. தன்னால் வேலை இழந்த இயக்குநர் கெல்சியை அங்கே பார்த்து, மனத்தைத் திறந்து ஒரு சிறு குறிப்பு எழுதுகிறான். அவளிடம் கொடுப்பதற்குள் தண்ணீரில் மை கரைந்து எழுத்து அழிந்துவிடுகிறது. மௌனப் படங்களின் அழகை மீட்டெடுத்தது என்று இந்த எபிசோடைப் புகழ்பவர்கள் அதிகம். புகழ்ச்சி தகும். ஆனால் முடிவில், அந்தக் கவசத்தில் பேசுவதற்கான பொத்தான் ஒன்று தொடக்கத்திலிருந்தே இருந்தது என்பது போஜாக்குக்குத் தெரியவருகிறது. அந்தப் பொத்தானைக் குறிப்பிடாத புகழ்ச்சி, எபிசோடின் ஒளியையும் நிறத்தையும் மட்டும் பார்த்திருக்கிறது. பொத்தானைக் குறிப்பிடும் எதிர்வினையில், பேச முடிந்தும் பேசாமல் போன உறவுகளைப் பற்றி எழுதியவரே ஏதாவது சொல்லியிருப்பார். அதைப் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டாவது, நான்காம் சீசனின் பதினோராவது எபிசோடு. மறதிநோய் முற்றிய தாய் பியாட்ரிஸின் நினைவுக்குள் நாம் நடமாடுகிறோம். முக்கியமில்லாதவர்களுக்கு முகமே இல்லை. ஒரு பணிப்பெண்ணின் முகம் மட்டும் கறுப்பாகக் கிறுக்கி அழிக்கப்பட்டிருக்கிறது. இதை எழுதிய கேட் பர்டிக்கு 2018-ல் அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் அனிமேஷன் விருது கிடைத்தது. பெற்றோரை மறதிநோய்க்குப் பறிகொடுத்தவர்கள் இந்த எபிசோடைப் பற்றி எழுதியவற்றை வேறு அளவுகோலால் படிக்க வேண்டும். அவை விமர்சனங்களைவிடச் சாட்சியங்களுக்கு நெருக்கமானவை. அங்கே போய் வரைகலை எப்படி இருந்தது என்று வாதிடுவது பண்பாகாது.

மூன்றாவது, ஐந்தாம் சீசனின் ஆறாவது எபிசோடு. தாயின் இறுதிச் சடங்கில் போஜாக் நின்று பேசுகிறான். ஒரு சிறு முன்காட்சியைத் தவிர முழு எபிசோடும் அந்த ஒரே பேச்சுதான். இருபது நிமிடத்துக்கும் மேல் ஒரு குதிரை ஒரே இடத்தில் நின்று பேசுவதைப் பார்த்து அலுத்துப்போனவர்களும் உண்டு, உறைந்துபோனவர்களும் உண்டு. 2019-ல் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட எபிசோடு என்பதற்காக அலுத்தவர்களை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. இதை இரண்டுமுறை பார்ப்பது நல்லது: முதல்முறை பேச்சைக் கேளுங்கள்; இரண்டாம் முறை கேமரா எதைக் காட்டாமல் இருக்கிறது என்று பாருங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கடைசி நொடி வரை காட்டப்படுவதில்லை. காட்டப்படும்போது, அவன் தவறான சடங்குக் கூடத்தில் நின்று பேசியிருக்கிறான் என்பது தெரிகிறது. அழுதவர்களும் சிரித்துவிட்ட அந்த இடத்தில்தான் நகைச்சுவையா சோகமா என்ற வாதமே பயனற்றுப்போகிறது.

"அவன் என்னைப் போலவே இருக்கிறான்"

இந்தப் பகுதியை மிகக் கவனமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தொடருக்கு எழுந்த எதிர்வினைகளில் மிகுதியானதும், மிக எளிதில் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான். மனச்சோர்வு, தன்வெறுப்பு, குடிப்பழக்கம் ஆகியவற்றோடு வாழும் பலர் போஜாக்கிடம் தங்களைக் கண்டுகொண்டதாக எழுதுகிறார்கள். நான்காம் சீசனின் ஆறாவது எபிசோடில், காலையில் கண் விழித்த நொடியிலிருந்து அவனை ஓயாமல் வசைபாடும் உட்குரலைக் கேட்டவர்கள், தங்கள் தலைக்குள் ஓடுவதை முதன்முறையாக வெளியே கேட்டோம் என்கிறார்கள். இந்த எதிர்வினைகளை நம்புங்கள். அவற்றைச் சோதிக்கும் உரிமை நமக்கு இல்லை.

ஆனால் தன்னைக் கண்டுகொள்வதும் தன்னை மன்னித்துக்கொள்வதும் வேறு வேறு. போஜாக்கே இப்படி இருக்கும்போது நான் இருந்தால் என்ன என்ற தொனியில் எழுதப்பட்டவையும் உண்டு. இந்த ஆபத்தைத் தொடரை எழுதியவர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு ஐந்தாம் சீசன் சான்று. அதில் போஜாக் ஒரு துப்பறியும் தொடரில் கொடுமைக்காரனாக நடிக்கிறான்; அந்தக் கதைக்கு உதவும் டயான், மோசமான ஆண்கள் அதைப் பார்த்துவிட்டு நாமும் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்வதற்காக அது எழுதப்படவில்லை என்று அவனிடம் சீறுகிறாள். அதே சீசனில், வலிநிவாரணி மாத்திரைக்கு அடிமையாகிக் கிடக்கும் போஜாக், படப்பிடிப்பில் சக நடிகை ஜீனாவின் கழுத்தை உண்மையாகவே நெரிக்கிறான். அதற்குப் பிறகு, பாதிக்கப்பட்டவள் என்ற அடையாளம் தன் உழைப்பை விழுங்கிவிடும் என்று அஞ்சி அவள் மௌனம் காக்கிறாள்.

ஒருவர் போஜாக்கோடு தன்னை ஒப்பிட்டு எழுதியிருந்தால், ஜீனாவைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். சாரா லின், ஜீனா, நியூ மெக்சிகோவில் அவன் சென்று கெடுத்த குடும்பத்தின் மகள் பென்னி ஆகியோரில் ஒருவர் பெயர்கூட இல்லாமல் போஜாக்கின் வலியை மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருப்பவர், தொடரில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார். இதை அவரிடம் சுட்டிக்காட்டலாம், குத்திக்காட்டக் கூடாது. எழுதுபவர் தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிறார் என்பதற்கான அறிகுறி தென்பட்டால் தொடரைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, அவருக்கு நெருக்கமானவர்களிடமும் மருத்துவரிடமும் பேசும்படி அன்போடு சொல்ல வேண்டும். நீங்களே அத்தகைய மனநிலையில் இருந்தால், இறுதி சீசனின் கடைசி இரண்டு எபிசோடுகளை நள்ளிரவில் தனியாகப் பார்ப்பதைத் தவிருங்கள்.

குரலும் அடையாளமும்

டயான் வியட்நாமிய அமெரிக்கப் பெண். அவளுக்குக் குரல் கொடுத்தவர் வெள்ளையரான அலிசன் பிரீ. இதைக் குறைகூறிய பார்வையாளர்களைத் தொடர் விரோதிகள் என்று சில ரசிகர்கள் ஒதுக்கியதுண்டு. ஐந்தாம் சீசனில் டயான் வியட்நாமுக்கே போய்த் தன் வேர்களோடு ஒட்டவும் முடியாமல் விலகவும் முடியாமல் திரியும் எபிசோடு வந்தபோது இந்தக் குறை மேலும் கூர்மை பெற்றது. பாப்-வாக்ஸ்பெர்க் 2018-ல் தன் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2020 ஜூனில் அலிசன் பிரீயும் அந்தப் பாத்திரத்துக்குத் தான் குரல் கொடுத்திருக்கக் கூடாது என்று வருத்தம் தெரிவித்தார். தொடரை நேசித்தபடியே குறைகூறியவர்கள் சொன்னது சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான வரவேற்பு டாடுக்குக் கிடைத்தது. மூன்றாம் சீசனின் இறுதியில், தனக்கு யார்மீதும் அந்த வகை நாட்டம் இல்லை போலிருக்கிறது என்று தயங்கிச் சொன்னவன், 2017-ல் வந்த நான்காம் சீசனில் தன்னைப் பாலீர்ப்பு அற்றவன் என்று தெளிவாகவே சொல்லிக்கொள்கிறான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தச் சொல்லோடு ஒரு முதன்மைப் பாத்திரம் வந்தது அபூர்வம் என்பதால் பாலீர்ப்பு அற்றவர்கள் அதை மனமார வரவேற்றார்கள். இத்தகைய விஷயங்களில், அந்த அடையாளத்தோடு வாழ்பவர்கள் எழுதியதை முதலில் படித்துவிட்டுப் பிறகு மற்றவர்களுடையதைப் படிப்பதே முறை.

முடிவைப் பற்றிய சச்சரவு

கடைசிக்கு முந்தைய எபிசோடில், நீச்சல் குளத்தில் மூழ்கிக்கொண்டிருக்கும் போஜாக்கின் மனத்துக்குள், இறந்துபோனவர்கள் எல்லோரும் கூடி விருந்துண்கிறார்கள். அங்கேயே அவனை இறக்கவிட்டு முடித்திருக்க வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். கடைசி எபிசோடில் அவன் பிழைத்திருக்கிறான். அத்துமீறி ஒரு வீட்டில் நுழைந்ததற்காகச் சிறையில் இருப்பவன், பிரின்சஸ் கரோலினின் திருமணத்துக்காக ஒரு நாள் வெளியே வருகிறான். டயானோடு கூரைமேல் உட்கார்ந்து பேசுகிறான். இனி இருவரும் சந்திப்பார்களா என்பது சொல்லப்படவில்லை. இது அவனுக்குக் கிடைத்த சலுகை என்று சிலர் கோபப்பட்டார்கள். உயிரோடு இருந்து, நேசித்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போவதைப் பார்ப்பதே அவனுக்குரிய கணக்குத் தீர்ப்பு என்று வேறு சிலர் எழுதினார்கள். என் எண்ணம் இரண்டாம் தரப்போடு ஒத்துப்போகிறது: மரணம் அவனைப் பொறுப்பிலிருந்து விடுவித்திருக்கும். ஆனால் முதல் தரப்பைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முந்தைய எபிசோடு அவ்வளவு வலிமையாக எழுதப்பட்டிருப்பதால் அதற்குப்பின் எது வந்தாலும் மெலிந்து தெரியும் என்பதே பலருடைய உண்மையான மனக்குறை. அது கதையின் நியாயத்தைப் பற்றிய குறை அல்ல, வரிசையைப் பற்றிய குறை. எழுதியவர் எதைச் சொல்கிறார் என்று பிரித்தறிந்துவிட்டால் அவரோடு வீணாகச் சண்டையிட நேராது.

உங்கள் கருத்தை எழுதும்போது

முதலில் எழுதிவிட்டுப் பிறகு பிறர் எழுதியதைப் படியுங்கள். ஒரு சீசன் முடிந்த அன்றே, எந்தக் காட்சி மனத்தில் நின்றது, எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது என்பதை ஐந்தாறு வரிகளில் குறித்துவைத்தால் போதும். இரண்டு நாள் கழித்தால் அடுத்தவர் கருத்து நம்முடையதைப்போல மனத்தில் குடியேறிவிடும். கடைசி சீசன் நீங்கலாக, ஒவ்வொரு சீசனும் முழுவதுமாக ஒரே நாளில் வெளியான தொடர் என்பதால் இரவோடிரவாகப் பார்த்து முடிப்பவர்கள் அதிகம். அப்படிப் பார்த்தால் எபிசோடுகள் ஒன்றோடொன்று கலந்து, எல்லாமே ஒரே துயரமாகத் தோன்றும். ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் போகாமல் பார்த்தால் நகைச்சுவை தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்வதை உணரலாம்.

எழுதும்போது காட்சியைச் சொல்லுங்கள். நெஞ்சை உருக்கியது, வேற லெவல், தலைசிறந்த படைப்பு ஆகிய சொற்களால் படிப்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. மை கரைந்த அந்தக் குறிப்பைச் சொன்னால் கிடைக்கிறது. பிடிக்கவில்லை என்றாலும் இதே முறைதான். எந்த எபிசோடில், எந்தப் பாத்திரம் செய்த எந்தச் செயலால் விலகினீர்கள் என்று எழுதினால், தொடரை விரும்புபவரும் அதற்கு விடை சொல்ல முயல்வார்.

ஸ்பாய்லர் விஷயத்தில் இந்தத் தொடருக்கென்று ஒரு தனி எச்சரிக்கை தேவை. சாரா லினின் மரணத்தை மறைத்துவிட்டு அந்த 17 நிமிடங்களை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிடுபவர்கள் இருக்கிறார்கள். மரணம் முன்கூட்டியே தெரிந்தாலும் அந்த எபிசோடு தன் வலிமையை இழக்காது. நிமிடக் கணக்கு தெரிந்துவிட்டால், மூன்றாம் சீசனைப் பார்க்கும் புதியவருக்குப் போஜாக்மேல் இரக்கப்படும் வாய்ப்பே இல்லாமல் போய்விடும். அந்த இரக்கத்தைப் பட்டவருக்குத்தான் கடைசி சீசன் உறைக்கும். ஆகவே உங்கள் கருத்தின் தலைப்பிலேயே எந்தச் சீசன் வரை பேசுகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். அதற்குக் கீழே, நீங்கள் எழுதிய மாதமும் ஆண்டும் இருக்கட்டும்.